பேர் தெரியாத பையன்கள்

"அம்மிணி, இதுல நாம யாரு பக்கம்?"

அமெரிக்காவில், பர்லிங்டன் என்ற ஊரின் பேஸ்பால் மைதானத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு அணியிலும் ஒரு பையனுடைய பேர்கூட எங்களுக்குத் தெரியாது. மைக்கில் சொல்லும்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறோம். எனக்கு அது பழக்கம். எட்டு வருடமாக, கோடை வந்தால் காரை எடுத்துக்கொண்டு நான் தேடிப்போவதே இப்படிப்பட்ட ஆட்டங்களைத்தான்.

"உள்ளூர்க்காரங்க பக்கம் இருப்போமுங்கப்பா. வெள்ளைச் சட்டை."

2014-ல் வட கரோலினாவின் கேரிக்குக் குடிவந்தோம். அந்தக் கோடையில் அலுவலகத்தில் எல்லாரையும் டர்ஹாம் புல்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். 1902-ல் தொடங்கிய அணி. இடதுபக்கச் சுவரின் மேலே பெரிய காளை மாடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். உள்ளூர் ஆள் பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பி ஹோம் ரன் அடித்தால் அதன் கண் சிவக்கும், மூக்கிலிருந்து புகை வரும். பந்து நேராகக் காளையின்மேல் பட்டால் அடித்தவருக்கு ஒரு ஸ்டேக் இலவசம், அதன் காலடியில் வரைந்திருக்கும் புல்லில் பட்டால் சாலட். அன்று யாரும் காளையை அடிக்கவில்லை. ஆனால் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை என்னைப் போலவே பக்கத்தில் இருந்த பாட்டியும் காளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாலை என்னைப் பிடித்துக்கொண்டது.

மைனர் லீக் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றின் கீழும் நான்கு படிகளில் நான்கு அணிகள்: டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஹை ஏ, சிங்கிள் ஏ. ஆக மொத்தம் 120. மைதானமும் டிக்கெட் விற்பனையும் ஊர்க்காரர்கள் பொறுப்பு. பையன்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், யார் மேலே போக வேண்டும், யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதும் மேலே இருக்கும் அணி. ஊர் அணி கோப்பையை நெருங்கும் வாரத்தில் அதன் முதல் பிட்சரை, அதாவது பந்து வீசுபவனை, மேலே அழைத்துக்கொள்வார்கள். ஊர் கைதட்டி அனுப்பிவைக்கும். ஒருவனை நன்றாக ஆட வைத்து, நன்றாக ஆட ஆரம்பித்ததுமே இழப்பதற்காகவே ஒரு அணி. இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. இப்போது அதற்காகவேதான் போகிறேன்.

2020-க்கு முன்னால் இந்த அணிகள் 160 இருந்தன. கொரோனாவால் அந்த வருட மைனர் லீக் ஆட்டம் முழுவதும் நின்றுபோனது. அந்தக் குளிர்காலத்திலேயே நாற்பது அணிகளைக் கழித்துக்கட்டினார்கள். அணிகள் குறைந்தால் மீதமுள்ள மைதானங்களை மேம்படுத்தலாம், பஸ் பயணத்தைக் குறைக்கலாம், சம்பளத்தைக் கூட்டலாம் என்று காரணம் சொன்னார்கள். சம்பளம் கூடியதும் உண்மைதான்: 2023-ல் முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தபோது சிங்கிள் ஏ பையனுக்கு வருடம் 11,000 டாலராக இருந்தது 26,200 ஆனது. அது பல வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய பணம். ஆனாலும் கழித்துக்கட்டிய ஊர்களின் பட்டியலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதில் அப்பலாச்சியன் லீக் முழுசாகவே இருந்தது. மலையடிவாரச் சிற்றூர்கள், மூடிய ஆலைகள், நிலக்கரி ரயில்கள், அதற்கு நடுவில் கோடை மாலைகளில் விளக்கு எரியும் சின்னச் சின்ன மைதானங்கள்.

அந்த லீக் சாகவில்லை. 2021-லேயே கல்லூரிப் பையன்கள் கோடை விடுமுறையில் விளையாடும் லீகாகத் திரும்பி வந்தது. சம்பளம் கிடையாது, மேலே அணி கிடையாது. பழைய பேர்கள் மேஜர் லீக் அணிகளுடையவை என்பதால் ஊர்கள் தங்களுக்குப் புதுப் பேர் வைத்துக்கொண்டன. பர்லிங்டனில் சாக் பப்பெட்ஸ், புலாஸ்கியில் ரிவர் டர்ட்டில்ஸ், புளூஃபீல்டில் ரிட்ஜ் ரன்னர்ஸ், பிரின்ஸ்டனில் விசில்பிக்ஸ், பிரிஸ்டலில் ஸ்டேட் லைனர்ஸ்.

2022-ல் அப்பா திருப்பூரிலிருந்து வந்திருந்தார். ஜூலையில் நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். அம்மா, "அத்தன தூரம் கார்ல என்னால ஆகாது, நான் பேரனோட இருக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அப்பாவும் நானும் கிளம்பினோம்.

பர்லிங்டனை முதல் ஊராக வைத்ததற்குக் காரணம் தூரம் மட்டுமில்லை. சாக்ஸ் பொம்மை என்று ஒரு அணிக்குப் பேர் வைக்கிறார்கள் என்றால் அந்த ஊர் சாக்ஸ் பின்னிய ஊர். பர்லிங்டன் இண்டஸ்ட்ரீஸ் என்ற, ஒரு காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரியதாக இருந்த ஜவுளிக் கம்பெனி 1923-ல் இங்கேதான் தொடங்கியது; 2001-ல் திவாலானது. அப்பா முப்பத்து நான்கு வருடம் பனியன் கம்பெனியில் இருந்தவர், கடைசிப் பதினைந்து வருடம் செக்கிங் சூப்பர்வைசர். ஆட்டத்துக்கு முன்னால் ஊருக்குள் சுற்றும்போது செங்கல் கட்டடம் ஒன்றைக் காட்டி, பழைய ஹோசியரி மில் என்று சொன்னேன். இறங்கச் சொன்னார். ஜன்னல்களின் உயரத்தைப் பார்த்தார், லாரி வந்து நிற்கும் மேடையைப் பார்த்தார். "இது டெலிவரி வாசல். அந்தப் பக்கம் நிட்டிங் இருந்திருக்கோணும், வெளிச்சம் அங்கதான் வரும்" என்றார்.

2005 ஜனவரியில் கோட்டா முறை முடிந்தபோது எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. கோட்டா என்றால் எந்த நாட்டிலிருந்து எத்தனை துணி அமெரிக்காவுக்குள் வரலாம் என்ற அளவு. அது போனதும் திருப்பூருக்கு ஆர்டர் குவிந்தது. அதே கோட்டாவை நம்பித்தான் இந்த மாதிரி ஊர்களில் கடைசிக் கடைசியாகச் சில மில்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு நான் அதை விளக்கவில்லை. என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். காரில் ஏறிய பிறகு, "ஷிஃப்ட் முடிஞ்சு இங்கிருந்து நேரா மேட்ச் பாக்கப் போயிருப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றைய ஆட்டம் சாதாரணமானது, சாக் பப்பெட்ஸ் தோற்றது. நான் அப்பாவுக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தேன். பேஸ்பாலில் களத்தில் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3 என்று போகும். ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாவது பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் ஆனால் 6-4-3. அடிக்க வேண்டிய பந்தை மூன்று முறை விட்டு, அதாவது மூன்று ஸ்டிரைக்கில், அவுட் ஆனால் கே என்ற ஆங்கில எழுத்து. மட்டையே வீசாமல் பார்த்துக்கொண்டு நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். பீஸ் கணக்கு நோட்டு எழுதிய கை. நான்காவது இன்னிங்ஸில் என் தப்பைத் திருத்தினார். பேர்களைத் தமிழில் எழுதினார். ஒவ்வொன்றையும் என்னிடம் உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு, பென்சிலை நுனி நாக்கில் தொட்டு எழுதினார்.

மறுநாள் வடமேற்காக மலை ஏறினோம். மவுண்ட் ஏரிக்கு முன்னால் சாலையோரத்தில் அவித்த வேர்க்கடலை விற்றார்கள். தோலோடு உப்புத் தண்ணீரில் அவித்தது. தெற்குப் பக்கத்து அமெரிக்கர்களுக்கு இது உயிர். "இத எதுக்குக் கண்ணு இத்தன நாள் சொல்லல?" என்று அப்பா கேட்டார். புலாஸ்கி வரைக்கும் பை அவர் மடியில்தான் இருந்தது.

வர்ஜீனியாவில் இருக்கும் புலாஸ்கியின் கால்ஃபி பார்க் 1935-ல் கட்டியது. சரிவில் உட்கார்ந்திருக்கும் மைதானம். கீழே இருந்து பார்த்தால் வீடுகளின் பின்வாசல் விளக்குகள் தெரியும். 2015-லிருந்து 2019 வரை, மேஜர் லீக் அணியான நியூயார்க் யாங்கீஸின் பையன்கள் இங்கே ஆடினார்கள்.

நான்காவது இன்னிங்ஸில் மழை பிடித்துக்கொண்டது. பத்துப் பதினைந்து பேர் ஓடிவந்து தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். ஆட்டம் எப்போது தொடங்கும், தொடங்குமா என்று யாருக்கும் தெரியாது. யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. கூரைக்கடியில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் குக்கீஸ் வைத்திருந்தார். எங்களுக்கும் நீட்டினார். இந்த அணியின் இரண்டு பையன்கள் அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள்.

வெளியூர்ப் பையன்களை ஊர்க் குடும்பங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது இந்தச் சின்ன லீக்குகளில் வெகுகாலப் பழக்கம். அப்பா கேட்ட கேள்விகளை எல்லாம் நான் மொழிபெயர்த்தேன். வாடகை வாங்குவீர்களா? இல்லை. சமையல்? காலையில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், சீரியல் டப்பா மூன்று நாளில் காலியாகும். ஆட்டம் முடிந்து ராத்திரி பத்தரைக்கு வரும்போது சூடாக ஏதாவது வைத்திருப்பேன். துணி? நான்தான் துவைப்பேன், சிவப்பு மண் கறை அவர்களுக்குப் போக்கத் தெரியாது. யாங்கீஸ் பையன்கள் இருந்த காலத்துக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். அப்போது போனில் ஏஜென்டுகளோடு பேசுவார்கள், இப்போது அம்மாவோடு பேசுகிறார்கள் என்றார். மற்றபடி ஷூவில் அதே அளவு சேறு.

அவர்களில் யாராவது பெரிய ஆட்டக்காரர் ஆனார்களா என்று அப்பா கேட்கச் சொன்னார். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். அவர் கைவிரலை மடக்கி எண்ணவில்லை. ஒருவன் தீயணைப்பு வீரனாக இருக்கிறான், ஒருவன் பள்ளியில் கோச், ஒருவனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன, படம் அனுப்பினான் என்று சொல்லிக்கொண்டே போனார். மேஜர் லீக் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து மழை விட்டது. ஏழாவது இன்னிங்ஸில் அவர் வீட்டுப் பையன்களில் ஒருவன் பந்து வீச வந்தான். ஒல்லியான, காது பெரிய பையன். முதல் ஆளுக்கு நான்கு பந்தும் வெளியே. இரண்டாவது ஆளுக்கும் அப்படியே. மூன்றாவது ஆள் அடித்தது வலதுபக்கச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. கோச் மெதுவாக நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு அவன் திரும்பி வரும்போது அந்த அம்மா எழுந்து நின்று கைதட்டினார். வேகமாக இல்லை, ஒரே சீராக, அவன் உள்ளே போய் உட்காரும் வரைக்கும். திரும்பிப் பார்த்தால் அப்பாவும் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்கப்பா?"

"நம்ம பையன்" என்றார்.

யார் பக்கம் என்ற கேள்வியை அப்புறம் அவர் கேட்கவில்லை.

புலாஸ்கியிலிருந்து புளூஃபீல்டுக்குப் போகும் வழி எனக்கு மிகவும் பிடிக்கும். வைத்வில் பக்கத்தில் ஐ-77, ஐ-81 என்ற இரண்டு நெடுஞ்சாலைகளும் கொஞ்ச தூரம் ஒரே சாலையாக ஓடுகின்றன. ஒன்றுக்கு அது வடக்கு, இன்னொன்றுக்கு அதுவே தெற்கு. இரண்டு பலகையும் ஒரே கம்பத்தில் இருக்கும். அப்புறம் இரண்டு சுரங்கப்பாதைகள். இரண்டாவதில், ஈஸ்ட் ரிவர் மலைக்குள், பாதி வழியில் வர்ஜீனியா முடிந்து மேற்கு வர்ஜீனியா தொடங்கும். மலைக்கு வயிற்றில் எல்லை. வெளியே வந்து புளூஃபீல்டு ஊருக்குள் போய், அந்த ஊர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க மறுபடி எல்லையைக் கடக்க வேண்டும், ஏனென்றால் போவன் ஃபீல்டு மைதானம் வர்ஜீனியா பக்கம் இருக்கிறது. வெளிச்சுவருக்கு அப்பால் மரங்கள்தான். ஹோம் ரன் அடித்தால் பந்து காட்டுக்குள் போகும்.

நிலக்கரி ரயில்களால் வளர்ந்த ஊர். கணித மேதை ஜான் நாஷ் 1928-ல் பிறந்ததும் இங்கேதான். கால் ரிப்கென் ஜூனியர் 1978-ல் பதினேழு வயதில் தன் முதல் தொழில்முறைச் சீசனை இந்த மைதானத்தில்தான் ஆடினார். 63 ஆட்டங்களில் ஒரு ஹோம் ரன்கூட இல்லை. பிற்பாடு மேஜர் லீகில் 431 ஹோம் ரன் அடித்தார், இடைவெளியே இல்லாமல் 2,632 ஆட்டங்கள் ஆடினார். பெரிய ஆள் வந்துபோன இடம் என்று அதை ஒரு சுற்றுலாத் தலமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தக் கோடையில் இங்கே வந்தவர்கள் பார்த்தது ஹோம் ரன் அடிக்காத ஒரு பையனை. அவனோடு அதே பஸ்ஸில் வந்த மற்ற பையன்களைப் பார்த்தது போலவேதான் அவனையும் பார்த்திருப்பார்கள்.

இந்த ஊர்களுக்குள் பழைய பந்தங்களும் உண்டு. 1988-ல் ஒரு ராத்திரி புளூஃபீல்டு அணி பர்லிங்டனுக்குப் போய் ஆடியது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் 27 இன்னிங்ஸ் போனது. புளூஃபீல்டு 3-2 என்று ஜெயித்தது. முந்தாநாள் நாங்கள் உட்கார்ந்திருந்த அதே மைதானம். சொன்னதும் அப்பா, "அந்த ஸ்கோர எழுதுனவர் பாவம், பேப்பர் பத்தியிருக்காது" என்றார்.

புளூஃபீல்டில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. கோடையிலும் குளிர்ச்சியான ஊர் என்று அவர்களுக்குப் பெருமை. வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் ஊர் வர்த்தக சங்கத்தார் எல்லாருக்கும் இலவசமாக லெமனேட் கொடுப்பார்கள். 90 என்றால் நம் கணக்கில் 32. "முப்பத்திரண்டுக்கா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். திருப்பூரில் அது நல்ல நாள். அன்று 81 டிகிரிதான். மாலை ஏழு மணிக்கு நான் ஸ்வெட்டர் எடுத்துப் போர்த்திக்கொண்டேன். ரிட்ஜ் ரன்னர்ஸ் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. லெமனேட் கிடைக்காததில் அப்பாவுக்கு உண்மையாகவே வருத்தம்.

கடைசி ஊர் பிரிஸ்டல். அங்கே ஸ்டேட் ஸ்டிரீட் நடுவில் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வர்ஜீனியா, ஒரு பக்கம் டென்னசி. அப்பா ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு காலை வைத்து நிற்க, நான் போட்டோ எடுத்தேன். ஆனால் நான் இந்த ஊருக்கு வந்தது ஒருவருக்காக.

ரான் நெச்சியாய். 1952 மே 13, பிரிஸ்டல் ட்வின்ஸ் அணியின் பிட்சர், வயது பத்தொன்பது. எதிரணி வெல்ச் மைனர்ஸ், நிலக்கரி ஊர்ப் பையன்கள். நெச்சியாய்க்கு வயிற்றில் அல்சர். அந்த வலியோடு அன்று ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கினார். ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸ் தொழில்முறை ஆட்டத்தில் 27 ஸ்டிரைக் அவுட் என்பது வேறு எந்தப் பிட்சரும் தொடாத கணக்கு.

அன்று மாலை ஸ்டேட் லைனர்ஸ் ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். கிரிக்கெட்டில் பத்து விக்கெட்டையும் ஒருவரே எடுப்பது மாதிரியா என்று கேட்டார். அதைவிடக் கொஞ்சம் மேலே, ஏனென்றால் இதில் கேட்ச் கணக்கில்லை, ஒவ்வொருவரும் பந்தைத் தொட முடியாமலோ பார்த்துக்கொண்டோ போக வேண்டும் என்றேன். பென்சிலை எடுத்து அட்டையின் பின்பக்கம் கட்டம் போட்டார்.

"எல்லா அவுட்டும் அவனா?"

"ஒண்ணு மட்டும் இல்லீங்கப்பா. ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஒருத்தன் தரையோட அடிச்சு ஃபர்ஸ்ட் பேஸ்ல அவுட்."

"அப்பக் கணக்கு 26 தான வரும்?"

இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ஸ்டிரைக் அவுட்டில் கேட்சர் மூன்றாவது ஸ்டிரைக் பந்தைப் பிடிக்காமல் தவறவிட்டார், அடித்தவன் ஓடி முதல் பேஸில் ஏறிக்கொண்டான். விதிப்படி அது ஸ்டிரைக் அவுட், ஆனால் அவுட் இல்லை. அதனால் அந்த இன்னிங்ஸில் நான்கு பேரை ஸ்டிரைக் அவுட் செய்ய வேண்டியிருந்தது. அப்பா கடைசிக் கட்டத்தில் நான்கு முறை அந்த எழுத்தை எழுதி, கூட்டிப் பார்த்து, கீழே கோடு போட்டார்.

"அப்புறம் பெரிய ஆளாயிட்டாரா?"

பிரிஸ்டலிலிருந்து அவரை மேலே ஏற்றிய ஊர், நாங்கள் மூன்று நாள் முன்னால் இருந்த பர்லிங்டன். அங்கிருந்து அதே வருடம் மேஜர் லீகுக்கு, பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணிக்கு. அங்கே ஒரு வெற்றி, ஆறு தோல்வி. அப்புறம் ராணுவம், அல்சர், தோள்பட்டைக் காயம். மேஜர் லீகில் அவர் மறுபடி ஆடவே இல்லை. இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் அடடா என்பார்கள், வீணாகிப்போன திறமை என்பார்கள். எனக்கு ஒருபோதும் அப்படித் தோன்றியதில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் வந்ததில்லை. அப்பா அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அன்னிக்கு வந்தவங்க பாத்துட்டாங்கல்ல" என்றார்.

மைக்கில் பேர்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். அப்பா புது அட்டையை எடுத்து, எனக்குக் கேட்கும்படி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அந்த செப்டம்பரில் அவர் ஊருக்குத் திரும்பினார். நான்கு அட்டைகளும் பீரோவில் இருக்கின்றன என்று அம்மா சொல்கிறார். ஒவ்வொரு ஜூலையிலும் போன் செய்யும்போது மழை, மாத்திரை, பேரன் படிப்பு எல்லாம் விசாரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி வரும்.

"அந்த லெமனேட் ஊர்ல இந்த வருசமாச்சும் தொண்ணூறு வந்துச்சா?"

போனைக் காதில் வைத்தபடியே பார்த்துச் சொல்கிறேன். போன வாரம் 84.